நாற்பதாண்டு நடந்து ஏறிய நாற்காலி

மாலை மயங்கும் நேரம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலே வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. துறைமுகத்திலே மூட்டை சுமந்து முதுகு வளைந்தவர், துணிக்கடையிலே நாளெல்லாம் நின்று கால் கடுத்தவர், எண்ணூர்ப் பக்கம் இரவு முறைக்குப் புறப்பட்டவர், கையிலே புத்தகமும் கண்ணிலே கனவுமாக வரும் மாணவர், அத்தனை பேரும் மண்ணுக்கடியிலிருந்து படியேறி வருகிறார்கள். 2021ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையம் அது. அதன் நெற்றியிலே ஒரு பெயர் எழுதப்பட்டிருக்கிறது. தியாகராயா கல்லூரி!

படியேறி வருவோரிலே எத்தனை பேர் அந்தப் பெயருக்குரியவரை அறிவர்? தென்சென்னையிலோ அந்தப் பெயர் ஓர் எழுத்தாகவே சுருங்கிவிட்டது. தி. நகர் என்கிறோம், தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறோம், திரும்பி வருகிறோம். அந்தத் தி என்னும் எழுத்துக்குள்ளே ஒரு மனிதர் இருக்கிறார், அந்த மனிதர் நம் வடசென்னையின் தறிச் சத்தத்துக்கு நடுவே வாழ்ந்தவர், இந்த நகரத்தின் தலைமை நாற்காலிக்கு நாற்பதாண்டு நடந்து போய்ச் சேர்ந்தவர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இன்று எண்ணிப் பார்ப்போம், தோழர்களே!

மாநகராட்சித் தேர்தல் என்றதும் நம்மிலே சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். சட்டமன்றத் தேர்தலென்றால் இரவெல்லாம் கண் விழித்துச் சுவரொட்டி ஒட்டுகிறவர்கள், மாநகராட்சித் தேர்தல் என்றால், சாக்கடையும் குப்பையும்தானே, இதற்கென்ன ஆர்ப்பாட்டம் என்று கேட்கிறார்கள். கேட்கும் தோழர்களுக்குக் கடல் கடந்த ஒரு காட்சியைக் காட்ட விரும்புகிறோம்.

அமெரிக்க நாட்டிலே ஒரு பெருநகரத்தின் மேயர் பதவிக்குப் போட்டி என்றால், ஊரே இரண்டுபடும். உலகமே செய்தி படிக்கும். 1967ஆம் ஆண்டு நவம்பரில் கிளீவ்லாண்டு நகரம், கார்ல் ஸ்டோக்ஸ் என்ற கருப்பரை மேயராகத் தேர்ந்தெடுத்தது. அந்நாட்டின் பெருநகரம் ஒன்றில் கருப்பர் ஒருவர் மேயர் தேர்தலில் வென்றது அதுவே முதல் முறை. 1983ஆம் ஆண்டு ஏப்ரலில் சிகாகோ நகரத்தில் ஹெரால்டு வாஷிங்டன் வென்றார். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர், நகரத்தின் தலைமை நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அந்த மக்கள் அந்த நாற்காலிக்கு ஏன் அத்தனை போராடினார்கள்? தம் தெருவுக்கு விளக்கு வருமா, தம் பிள்ளைக்குப் பள்ளி வருமா, காவலர் தம்மை மனிதராக மதிப்பாரா என்பதெல்லாம் அந்த நாற்காலியிலே உட்காருகிறவர் யார் என்பதைப் பொறுத்திருந்தது. நாற்காலி சிறிதுதான், அதன் நிழல் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் விழுகிறது!

நம் நகரத்து நாற்காலிக்கும் நீண்ட கதை உண்டு. 1688ஆம் ஆண்டிலேயே இந்த ஊருக்கு மாநகராட்சி வந்துவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியார் ஏற்படுத்தியது. முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். மேயர் இருந்தார், ஆல்டர்மன்கள் இருந்தார்கள், விருது இருந்தது, விழா இருந்தது. மக்கள் எங்கே இருந்தார்கள்? வெளியே நின்றார்கள்! கோட்டைக்கு வெளியே, கம்பெனியின் துணியைத் துவைத்து வெளுத்து உலர்த்திக்கொண்டு நின்றார்கள். கப்பலேறிச் சீமைக்குப் போன துணி வெளுத்தது. வெளுத்தவன் வாழ்வு வெளுக்கவில்லை. அவர்கள் குடியிருந்த இடத்துக்குத்தான் வண்ணாரப்பேட்டை என்று பெயர் வந்தது. வெளுப்பவருக்குப் பக்கத்திலே நெய்பவர். நூலும் நீரும் வியர்வையுமாகக் கலந்து எழுந்தது இந்த வடபகுதி.

அந்த நெய்பவர் குலத்திலே, 1852ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் பிறந்தவர் பிட்டி தியாகராயர். தெலுங்கு பேசும் தேவாங்கர் குடும்பம். தறியை நம்பிய குலமென்றாலும் வறுமைக் குடும்பமன்று. வாணிபத்தாலே வளம் பெற்ற குடும்பம். மாநிலக் கல்லூரியிலே படித்து 1876இல் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றவர் அரசாங்கக் கச்சேரியிலே உத்தியோகம் தேடுவது அந்நாளைய வழக்கம். அவரோ தொழில் பக்கம் திரும்பினார். நெசவாலை, தோல் பதனிடுதல், உப்பளம் என்று வடசென்னையின் தொழில்களெல்லாம் அவர் கையிலே வளர்ந்தன. கையால் நாடாவை எறிந்து எறிந்து தோள் இற்றுப்போன நெசவாளிக்கு, கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும் தறியைக் கொண்டுவந்து காட்டியவர்களில் அவரும் ஒருவர். படித்தவன் பாட்டாளியின் தறியைத் தொட்டால் தறிக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு அது ஒரு சான்று.

செல்வம் சேர்ந்தவர் சும்மா இருந்திருக்கலாம். மாளிகை கட்டி, மாலை வேளையில் வண்டியேறிக் கடற்கரைக் காற்று வாங்கப் போயிருக்கலாம். 1882ஆம் ஆண்டு, தம் முப்பதாவது வயதில், சென்னை மாநகராட்சி உறுப்பினர் ஆனார். அன்று நுழைந்தவர் ஏறத்தாழ நாற்பதாண்டு அந்த மன்றத்தை விட்டு விலகவில்லை. நாற்பதாண்டு, தோழர்களே! உறுப்பினராகி ஓராண்டு முடிவதற்குள் அடுத்த பதவி எது என்று அண்ணாந்து பார்க்கிறவர்களைக் காண்கிறோமே, அவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை கூட்டிப் பார்க்கட்டும்.

அந்த மன்றம் அன்று எப்படி இருந்தது? 1878ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான், உறுப்பினர்களில் ஒரு பாதியை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கலாம் என்ற நிலை வந்தது. 32 பேரில் 16 பேர். 1884இல் அது 24 ஆயிற்று. உரிமை வளர்கிறதே என்று மகிழ்ந்தவர்களுக்கு 1904இல் ஒரு குட்டு. மன்றத்தின் மொத்த இடங்களை 36 ஆக்கி, வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கும் இடத்தை 20 ஆகக் குறைத்தது அரசு. எஞ்சியவை வெள்ளை வணிகருக்கும், இன்ன பிற அமைப்புக்கும், அரசாங்கத்தின் நியமனத்துக்கும்! கூடுகிறது போலக் காட்டிக் குறைப்பது ஆட்சியாளருக்குக் கைவந்த கலை.

அதிலும் வாக்களித்தவர் யார்? வீட்டுவரி கட்டியவர், தொழில்வரி கட்டியவர். குடிசைக்காரனுக்கு வாக்கு இல்லை. கூலிக்காரனுக்கு வாக்கு இல்லை. மூட்டை சுமந்தவனும், தோலைப் பதனிட்டவனும், தெருவைப் பெருக்கியவனும் நகரத்தைத் தாங்கினார்கள். நகரத்தை ஆள்வது யார் என்று சொல்ல அவர்களுக்கு வாய் இல்லை. இவற்றுக்கெல்லாம் மேலே தலைமை நாற்காலி. அதிலே அமர்ந்தவர் அரசாங்கம் அனுப்பிய அதிகாரி. உறுப்பினர்கள் பேசலாம், கெஞ்சலாம், வாதாடலாம்; நாற்காலி அசையாது.

அந்த அசையாத நாற்காலிக்கு முன்னே உட்கார்ந்துதான் தியாகராயர் ஆண்டுகளைக் கழித்தார். எர்ரபாலு செட்டித் தெருவிலே மன்றம் இருந்தபோதும் போனார். 1913இல் ரிப்பன் மாளிகைக்குக் குடிபெயர்ந்தபோதும் போனார். குடிநீர், சாக்கடை, சாலை விளக்கு, பள்ளிக்கூடம், வரி, இவைதான் பேச்சு. 1914இல் கீழ்ப்பாக்கத்திலே நீரேற்று நிலையம் வந்து, வடிகட்டிய நீர் குழாய் வழியே நகரத்துக்கு ஓடத் தொடங்கியது அவர் உறுப்பினராக இருந்த காலத்தில்தான். குழாயைத் திருப்பினால் நீர் வருகிறது என்று இன்று சொல்லிவிடுகிறோம். திருப்புகிற குழாய்க்குப் பின்னே எத்தனை ஆண்டு வாதம், எத்தனை கோப்பு, எத்தனை கணக்கு!

ஆண்டுகள் ஓடின. காங்கிரசிலே அவரும் இருந்தார். ஆண்டவனிடத்திலே அழுத்தமான பக்தி உள்ளவர். கோயிலுக்குக் கொடுப்பதிலே கை குறுகாதவர். நாம் நாத்திகம் பேசுகிறவர்கள்; அவர் திருநீற்றையும் திருக்கோயிலையும் போற்றியவர். அதை மறைக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. அந்தப் பக்தருக்கே பாடம் கற்பித்தது பூசாரிக் கூட்டம்! மயிலைக் கோயிலின் குடமுழுக்குக்குப் பத்தாயிரம் ரூபாய் நன்கொடை கொடுத்தாராம். விழா நாளன்று மேடைக்குக் கீழே அவர் நிற்க, அவரிடம் கணக்கெழுதிச் சம்பளம் வாங்கிய பார்ப்பனர் மேடைக்கு மேலே நின்றாராம். நம் இயக்க மேடைகளிலே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி இது. பணம் மேலே போயிற்று. பணம் கொடுத்தவர் கீழே நின்றார். பிறப்பு என்னும் படிக்கட்டிலே பத்தாயிரம் ரூபாய்க்கும் ஒரு படி ஏற முடியவில்லை!

மாநகராட்சி மன்றத்திலே அவருக்கு ஒரு பெரும் எதிராளி இருந்தார். மருத்துவர் டி. எம். நாயர். கூர்மையான அறிவு, அதனினும் கூர்மையான நாக்கு. இருவரும் மன்றத்திலே மோதிக்கொண்டார்கள்; பேசுவதும் அரிதாயிற்று. இந்த இரண்டு சிங்கங்களையும் ஒரு கொட்டகைக்குள் கொண்டுவந்த பெருமை மருத்துவர் சி. நடேசனாரைச் சேரும். 1916ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள், வேப்பேரியிலே எத்திராசு முதலியார் இல்லத்தில் தலைவர்கள் கூடினார்கள். தென்னிந்திய நல உரிமைச் சங்கம் என்னும் நீதிக்கட்சிக்கு அங்கே வித்து விழுந்தது. அடுத்த திங்களே பார்ப்பனரல்லாதார் அறிக்கை தியாகராயரின் கையெழுத்தோடு வெளிவந்தது. மக்கள் தொகையிலே மிகப் பெரும்பாலோர், பதவியிலும் படிப்பிலும் மிகச் சிறுபாலோர், இது எந்த நாட்டு நியாயம் என்று கணக்குக் காட்டிக் கேட்டது அந்த அறிக்கை. 1917இல் ஆங்கிலத்திலே ஜஸ்டிஸ் ஏடும், தமிழிலே திராவிடன் ஏடும் எழுந்தன. சொந்தப் பகையைச் சமுதாயத்தின் பெரும்பகைக்கு முன்னே கீழே போட முடிந்ததே, அந்தப் பண்பு தலைவர்களுக்கு மட்டும்தானா? ஒரே வட்டத்திலே இரண்டு அணியாக நின்று, ஒருவர் ஒட்டிய சுவரொட்டியை மற்றவர் கிழிக்கும் தோழர்களுக்கும் அது உரியது என்பதை இங்கே சொல்லிவைக்கிறோம்.

பிறகு வந்தது 1919. சென்னை மாநகராட்சிக்குப் புதுச்சட்டம். தலைவரை அரசு அனுப்பும் வழக்கம் முடிந்தது. மன்றத்தினரே தம் தலைவரைத் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுக்கப்பட்டவர் யார்? முப்பது வயதிலே உள்ளே நுழைந்து, தலை நரைக்கும் வரை ஓர் உறுப்பினராகவே உட்கார்ந்திருந்த பிட்டி தியாகராயர். சென்னை மாநகராட்சியின் அரசு அதிகாரியல்லாத முதல் தலைவர்! அன்று மேயர் என்ற சொல் கிடையாது. தலைவர் என்றே பெயர். மேயர் என்ற பெயர் மீண்டு வந்தது 1933இல். அந்தப் பெயரோடு முதலில் அமர்ந்தவர் எம். ஏ. முத்தையா செட்டியார். ஆயினும் அந்த நாற்காலியிலே மன்றத்தினர் தேர்ந்து முதன்முதலாக அமர்த்தியது தறிகாரர் குலத்து மகனைத்தான்.

வெள்ளைத் தலைப்பாகை, வெள்ளை அங்கி, வெள்ளை வேட்டி. வெள்ளுடை வேந்தர் என்று நாடு அவரை அழைத்தது. 1922 சனவரியில் இங்கிலாந்து இளவரசர் சென்னைக்கு வந்தபோது, நகரத்தின் தலைவர் என்ற முறையில் அவரை வரவேற்றவரும் அந்த வெள்ளை உடையிலேயே நின்றார். காங்கிரசார் அந்த வருகையைப் புறக்கணித்த காலம் அது. வரவேற்றதற்காக நீதிக்கட்சியார் மீது வசை பொழிந்த காலம். நாமும் இன்று இளவரசருக்கு வரவேற்பு என்பதை மெச்சிக்கொள்ள மாட்டோம். ஆனால் அந்த நாற்காலியை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதைப் பார்த்துத்தான் அவரை அளக்க வேண்டும்.

ஆயிரம் விளக்குப் பகுதியிலே மாநகராட்சிப் பள்ளி ஒன்று. ஏழை வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. படிக்கும் பள்ளி என்று சொல்வதைவிட, பெயர் எழுதப்பட்டிருந்த பள்ளி என்பதே பொருத்தம். காலையிலே வருவார்கள், பசி வயிற்றைக் கிள்ளும், நண்பகலிலே காணாமற்போவார்கள். வாத்தியார் அடித்தாலும் பசி போகுமா? 1920ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் மாநகராட்சி மன்றத்திலே அந்தப் பொருள் வந்தது. அந்தப் பள்ளி மாணவருக்குச் சிற்றுண்டி கொடுப்பது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவு செய்வது. பிள்ளைகள் பெரிதும் ஏழைகள், அதனாலேயே பள்ளிக்கு வருவோர் தொகை குறைகிறது என்று தலைவர் தியாகராயர் எடுத்துச் சொன்னார். மன்றம் ஒப்புக்கொண்டது.

ஓரணா! ஒரு ரூபாயிலே பதினாறில் ஒரு பங்கு. அந்த ஓரணா என்ன செய்தது என்று கேளுங்கள். திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவியது. ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 1922-23இல் 811 மாணவர். 1924-25இல் 1,671 மாணவர். இரண்டே ஆண்டில் இரு மடங்கு! உபதேசம் செய்து சேர்த்த பிள்ளைகள் அல்லர். ஊட்டிச் சேர்த்த பிள்ளைகள். ஏழை வீட்டுக்குப் படிப்பு பிடிக்காது என்று சொன்னவர்கள் வாயை ஓரணாச் சிற்றுண்டி அடைத்தது. பிடிக்காதது படிப்பன்று, பிடித்து வாட்டியது பசி!

இங்கேதான் இந்த வாழ்க்கையின் பெரும் திருப்பத்தைக் காண்கிறோம். அதே 1920ஆம் ஆண்டு இறுதியில் மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. மாகாணத்தின் மக்கள் தொகை நான்கு கோடிக்கு மேல். வாக்குரிமை பெற்றவர் ஏறத்தாழ 12 லட்சம். அந்தச் சிறு வாக்காளர் கூட்டத்திலே நீதிக்கட்சி பெரும்பான்மை பெற்றது. ஆளுநர் வெலிங்டன் பிரபு, அமைச்சரவை அமைக்கத் தியாகராயரை அழைத்தார். சென்னை, ஆந்திரம், மலையாளம், கன்னடப் பகுதிகள் எல்லாம் அடங்கிய மாகாணத்தின் முதல் அமைச்சர் பதவி வாசலுக்கே வந்து நின்றது. அவர் வேண்டாமென்றார். கடலூர் சுப்பராயலு ரெட்டியாரைச் சுட்டிக் காட்டினார். அவரே 1920 டிசம்பரில் முதல் அமைச்சரானார்.

நாற்காலியைப் பிடிக்கக் கட்சி மாறுகிறவர் உண்டு; கொள்கை மாறுகிறவர் உண்டு; தம் பெயரையே மாற்றிக்கொள்கிறவரும் உண்டு. கைக்கு வந்த பெரிய நாற்காலியை மறுத்து, சிறிய நாற்காலியிலே உட்கார்ந்துகொண்டு, ஐந்து பள்ளிப் பிள்ளைகளின் சிற்றுண்டிக் கணக்கைப் பார்த்தவர் எத்தனை பேர்? கட்சிக்குத் தலைவராக இருந்தார். நகரத்துக்குத் தலைவராக இருந்தார். ஆட்சியை மற்றவரிடம் விட்டார். பெரிய பதவி எது, சிறிய பதவி எது என்பதைப் பதவியின் பெயர் தீர்மானிப்பதில்லை என்பதை அவர் வாழ்வு நமக்குக் காட்டுகிறது.

புகழ்ந்து மட்டும் போனால் அது வரலாறாகாது, மாலையாகும். மாலை வாடிவிடும். ஆகவே வாடாத ஒன்றையும் சொல்கிறோம்.

1921ஆம் ஆண்டு. பெரம்பூர்ப் பக்கம் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளிலே வேலைநிறுத்தம். 1918இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம் முன்னே நின்றது, திரு.வி.க. போன்றோர் வழிகாட்டினார்கள். திங்கள் கணக்கில் ஆலை மூடிக் கிடந்தது. அடுப்பெரியாத வீடுகள்! அந்நிலையிலே ஆதிதிராவிடத் தொழிலாளர் வேலைக்குத் திரும்பினார்கள். முதலாளியும் அரசும் அந்தப் பிளவிலே குளிர் காய்ந்தனர். தொழிலாளி தொழிலாளியை அடித்தான். புளியந்தோப்பிலே ஏழைகளின் குடிசைகள் எரிந்தன. போலீசார் துப்பாக்கி வெடித்தது. வேலைநிறுத்தம் தோற்றது.

அந்த வேளையில் ஆளுநர் திரு.வி.க.வை நாடுகடத்த நினைத்தார் என்றும், குறுக்கே நின்று தடுத்தவர் தியாகராயர் என்றும் தொழிலாளர் உலகம் சொல்லிவந்திருக்கிறது. காங்கிரஸ்காரரான திரு.வி.க.வுக்காக நீதிக்கட்சித் தலைவர் வாதாடினார் என்பது நெஞ்சை நிமிர்த்தும் செய்தி. ஆனால் அதே வேளையில், எரிந்துபோன குடிசைக்காரனின் பக்கம் நீதிக்கட்சியின் பெருந்தலைவர்கள் நின்றார்களா? இல்லை. ஆதிதிராவிடருக்கு அரசாங்கத் தொழிலாளர் துறை அளவுக்கு மீறிச் சலுகை காட்டிவிட்டது என்று குறை சொன்னவர்களிலே அவர்கள் இருந்தார்கள், தியாகராயரும் இருந்தார். எம். சி. ராசா மனம் கசந்தார். 1923இல் கட்சியை விட்டே பிரிந்தார். கோயில் மேடையிலே தம்மைக் கீழே நிறுத்தியபோது கொதித்த உள்ளம், புளியந்தோப்புச் சாம்பலைக் கண்டபோதும் அதே அளவு கொதித்திருக்க வேண்டாமா? கேட்கிறோம். நம் முன்னோர் என்பதற்காகக் கேட்காமல் இருக்க மாட்டோம். நமக்கு மேலே ஒருவன் இருக்கக்கூடாது என்று எழுகிற இயக்கம், நமக்குக் கீழே ஒருவன் இருக்கிறானா என்று குனிந்து பார்க்காவிட்டால், பாதி வழியிலே நின்றுவிடும். ஆலைத் தொழிலாளியின் பிள்ளைகள் நாம். இந்தப் பாடத்தை அவரவர் வீட்டுத் திண்ணையிலிருந்தே கற்க வேண்டியவர்கள்.

1925ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், தம் எழுபத்து மூன்றாம் பிறந்த நாளுக்கு மறுநாள், தியாகராயர் மறைந்தார். அந்த ஏப்ரல் முதல் நாளிலிருந்துதான் சிற்றுண்டிச் செலவைத் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து எடுக்கக்கூடாது என்று வெள்ளை அரசு தடுத்திருந்தது. ஊட்டியவர் மறைந்த அதே திங்களில் ஊட்டுவதற்கும் தடை! கோட்டையிலே இருந்த கணக்கன் ஓரணாவைக் கண்டான்; 1,671 வயிறுகளைக் காணவில்லை.

தடுத்தார்கள்; தணிந்ததா? வித்து மண்ணுக்குள்ளே கிடந்தது. 1956இல் காமராசர் ஆட்சியிலே பள்ளிகளில் பகலுணவாக முளைத்தது. 1982இல் எம்.ஜி.ஆர். காலத்திலே சத்துணவாகத் தழைத்தது. 1989இல் கலைஞர் ஆட்சியிலே முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15ஆம் நாள், அண்ணா பிறந்த நாளன்று, முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் மதுரையிலே காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அந்த அரசாணை எழுதப்பட்டபோது நூற்றிரண்டு ஆண்டுக்கு முந்திய செப்டம்பர் மன்றக் கூட்டம் நினைக்கப்பட்டது. ஒரு நகரத்தின் நாற்காலியிலே விழுந்த வித்து, நாட்டையே மூடும் ஆலமரமாயிற்று. சாக்கடையும் குப்பையும்தானே என்று கேட்ட தோழர் இப்போது என்ன சொல்வார்?

நாற்காலியும் அதே இடத்தில் நிற்கவில்லை. 1937இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளை அதிலே அமர்ந்தார். ஒடுக்கப்பட்ட சமுதாயத்திலிருந்து வந்த முதல் மேயர். 1945இல் என். சிவராசு அமர்ந்தார். 1957இல் தாரா செரியன் அமர்ந்தார். முதல் பெண் மேயர். 1959இல் நூறு இடங்களிலே 45 இடங்களைத் தி.மு.கழகம் வென்றது, அ. பொ. அரசு மேயரானார். கோட்டைக்குப் போவதற்கு எட்டாண்டு முன்னரே ரிப்பன் மாளிகை வழியைத் திறந்துவிட்டது! 1973இல் மன்றம் கலைக்கப்பட்டது. 1996 வரை தேர்தலே இல்லை. இருபத்திரண்டு ஆண்டுக்கு மேல் நகரத்துக்கு வாய் கட்டப்பட்டிருந்தது. 1996இல் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2016இலிருந்து மீண்டும் ஐந்தாண்டுக்கு மேல் உறுப்பினர் இல்லாத மன்றம், அதிகாரியின் நாற்காலி! 1919க்கு முந்திய காலத்தின் நிழல் எப்படித் திரும்பி வருகிறது பாருங்கள். தேர்தல் நடக்காத நகரத்திலே தெருக்குழாய் கெட்டால் யாரிடம் சண்டை போடுவது?

2022 மார்ச் திங்களில் அந்த நாற்காலியிலே ஆர். பிரியா அமர்ந்தார். வயது 28. வடசென்னை மகள். பட்டியல் சமுதாயப் பெண்மணி ஒருவர் சென்னை மேயரானது அதுவே முதல் முறை. 1921இல் குடிசை எரிந்த மக்களின் வழியிலே வந்த ஒருவர், வெள்ளுடை வேந்தர் சிலையாக நிற்கும் ரிப்பன் மாளிகைக்குள்ளே, தலைமை நாற்காலிக்கு ஏறிப் போனார். அன்று பாதி வழியிலே நின்றது இன்று இன்னும் சில அடி நடந்திருக்கிறது. முழு வழியும் நடந்தாயிற்று என்று சொல்ல மாட்டோம். நடக்க வேண்டிய தொலைவு நம் தெருக்களிலேயே தெரிகிறது.

மழை வந்தால் முழங்கால் நீரிலே நிற்கும் தெரு எது? லாரிக்குக் குடத்தோடு காத்திருக்கும் தாய்மார் எவர்? ஆலைப் புகையிலே இருமும் குழந்தை எந்தக் குடிசையிலே? கையுறையும் காலணியும் இல்லாமல் குப்பை அள்ளுகிறவர் யார் வீட்டுப் பிள்ளை? இவற்றுக்கு விடை தேடி நடக்கிறவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் தியாகராயரின் வழியிலே நடக்கிறார். நடக்காதவர் நம் கட்சிக்காரராக இருந்தாலும், நிலையத்தின் நெற்றியிலே எழுதிய பெயரைப் படித்துவிட்டுப் பேசாமல் போகிறவரே!

வாக்குக் கேட்டு வருகிறவரை இனி ஒரு கேள்வி கேட்போம். எந்தப் பதவிக்குப் போகப் போகிறாய் என்று கேட்க வேண்டாம். எந்தப் பிள்ளையின் பசியை உன் கணக்கிலே எழுதியிருக்கிறாய் என்று கேட்போம். வட்டச் செயலாளராக இருக்கும் தோழர்களே, கிளையிலே கொடி கட்டும் தோழர்களே! கோட்டை நமக்குக் கனவாக இருக்கலாம். தெருதான் நமக்குக் கடமை. நாற்பதாண்டு நடந்தவர் ஒருவர் இந்த வண்ணாரப்பேட்டைப் பக்கம் இருந்தார். நாம் நாளைக் காலை நம் வட்டத்திலே ஒரு தெருவாவது நடப்போம்!